விவாக ரத்தும் ஜீவனாம்சமும்

பெங்களூர் மாநகரின் வடமேற்குப் பகுதியில், மல்லேசுவரமும் இராஜாஜிநகரும் சேஷாத்திரிபுரமும் ஓகளிபுரமும் சூழ அமைந்திருப்பது ஸ்ரீராம்புரம். பஞ்சாலைகளில் வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் பேட்டை அது. ஆலைகள் மூடப்பட்டு நெடுங்காலமாகிவிட்டது. அன்று ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று ஆட்டோ ஓட்டுகிறார்கள். பீனியாவின் பட்டறைகளிலும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கிறார்கள். கணிப்பொறி நிறுவனங்களிற் பணிபுரிவோரும் உண்டு. தொழில் மாறியிருக்கிறது. ஆனால் பல குடும்பங்களில் ஒரு வழக்கம் மட்டும் மாறாமல் நிற்கிறது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒத்துவராமற் போய், இனிச் சேர்ந்து வாழ வழியில்லை என்று தெரிந்துவிட்டால், இரு தரத்துப் பெரியவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிற் கூடுகிறார்கள். ஒரு தொகை பேசி முடிக்கப்படுகிறது. பாண்டுப் பத்திரம் ஒன்று வாங்கி, “இத்தொகையைப் பெற்றுக்கொண்டேன், இனி எக்காலத்திலும் ஜீவனாம்சமோ வேறு எவ்வித உரிமையோ கோரமாட்டேன்” என்று எழுதி, பெண்ணிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். “போட்டுவிடு அக்கா, கோர்ட்டுக்கு யார் அலைவது?” என்று கூடப் பிறந்த தம்பியே சொல்லும்போது அவள் என்ன செய்வாள்?

அந்தப் பத்திரத்தோடு அவளுடைய உரிமை முடிந்துவிடுகிறதா? முடியவில்லையென்றால், அவள் செல்ல வேண்டிய இடம் யாது, கேட்க வேண்டியது யாது, எப்பொழுது கேட்க வேண்டும்? இவற்றைப் பற்றியே இன்று பேசக் கருதுகிறோம்.

ஜீவனாம்சம் என்ற சொல்லையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஜீவனத்துக்கான அம்சம், அதாவது வாழ்வதற்குரிய பங்கு என்பது அதன் பொருள். பிச்சை என்ற பொருள் அதில் இல்லை. அபராதம் என்ற பொருளும் இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் பலர் அதை முன்னதாகக் கருதி வெட்கப்படுகிறார்கள். பிள்ளையைப் பெற்றவர்கள் பலர் அதைப் பின்னதாகக் கருதிச் சினங்கொள்கிறார்கள். ஒரு குடும்பம் நடந்த காலத்தில் ஒருவர் சம்பாதிக்க, மற்றொருவர் சமைத்து, பிள்ளை வளர்த்து, மாமியாரைப் பேணி, தம் படிப்பையும் வேலையையும் விட்டிருந்தால், குடும்பம் பிரியும்போது அந்த இழப்பு முழுவதும் ஒருவர் தலையிலேயே விழுந்துவிடலாகாது என்பதுதான் இதற்குள் அடங்கிய நியாயம்.

இந்த நியாயத்தைச் சட்டம் ஏற்றுக்கொண்டது மிக மெதுவாகத்தான். பிரிட்டிஷ் இந்தியாவின் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. வசதியிருந்தும் மனைவியைக் காப்பாற்றாத கணவன் மாதந்தோறும் பணம் கொடுக்க வேண்டுமென்று மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். ஆனால் அந்தத் தொகை மாதம் 50 ரூபாய்க்கு மேற்போகக் கூடாது. 1923இல் இந்த வரம்பு 100 ஆயிற்று; 1955இல் 500 ஆயிற்று. தொகை கூடியதேயன்றி, ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருந்தது. மனைவியாயிருக்கும் வரைதான் ஒரு பெண் அந்தப் பிரிவை நாட முடியும். விவாக ரத்து ஆகிவிட்டால் அவள் மனைவி அல்லள். ஆகவே உத்தரவும் அற்றுப்போகும். கணவன் விவாக ரத்துச் செய்துவிட்டே கடமையிலிருந்து தப்பிக்கொள்ள இது வழிவிட்டது. 1973ஆம் ஆண்டுப் புதிய நடைமுறைச் சட்டம், 1974 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தபோதுதான், “மனைவி” என்ற சொல்லில் விவாக ரத்துப் பெற்று மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் அடங்குவாள் என்று எழுதப்பட்டது. அந்த 125ஆம் பிரிவே, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து, பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக வழங்கி வருகிறது. எண் மாறியிருப்பதைக் கண்டு எவரும் மயங்க வேண்டியதில்லை.

இந்தப் பிரிவு நாடெங்கும் பேசப்பட்டது ஷா பானு வழக்கினால். இந்தூர் நகரத்து வக்கீல் ஒருவரை 1932இல் மணந்த அந்த அம்மையார், நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் 1975இல் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். அவர் நீதிமன்றத்தை நாடிய 1978இலேயே கணவர் தலாக் சொல்லிவிட்டார். மாஜிஸ்திரேட் விதித்த தொகை மாதம் 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. அந்தத் தொகையை எதிர்த்துத்தான் கணவர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்! 1985 ஏப்ரல் 23ஆம் தேதி, தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் அமர்ந்த ஐந்து நீதிபதிகள், இப்பிரிவு எல்லா மதத்துப் பெண்களுக்கும் பொதுவானதே என்று தீர்ப்பளித்தனர். அதன் பிறகு 1986இல் வந்த சட்டமும், அதற்கு 2001இல் உச்ச நீதிமன்றம் கூறிய விளக்கமும் பலர் அறிந்தவை. 2024 ஜூலை 10ஆம் தேதி, நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மசீஹ் இருவரும், விவாக ரத்தான முஸ்லிம் பெண்ணுக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இந்தப் பொதுப் பிரிவும் திறந்தே இருக்கிறது என்று உறுதி செய்தார்கள். கிறிஸ்தவர்களுடைய பழைய விவாக ரத்துச் சட்டத்தில் இடைக்காலத் தொகை கணவன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்றிருந்த வரம்பும் 2001இல் நீக்கப்பட்டது. பொதுச் சட்டத்தின் 500 ரூபாய் வரம்பு நீங்கியதும் அதே ஆண்டில்தான். ஆகவே, இன்று எந்த மதத்தைச் சேர்ந்த பெண்ணும், “எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதாமே” என்று ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை.

இந்துக்களுக்கு இந்தப் பொது வாயிலைத் தவிர 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்தில் வேறு இரண்டு வாயில்கள் உண்டு. விவாக வழக்கு நடந்துகொண்டிருக்கும் போதே பிழைப்புக்கும் வழக்குச் செலவுக்கும் பணம் கேட்பது 24ஆம் பிரிவு. தீர்ப்பின் போதோ, தீர்ப்புக்குப் பிறகு எப்பொழுதேனுமோ நிரந்தர ஜீவனாம்சம் கேட்பது 25ஆம் பிரிவு. “தீர்ப்புக்குப் பிறகு எப்பொழுதேனும்” என்ற சொற்களை நேயர்கள் கவனிக்க வேண்டும். விவாக ரத்து வாங்கிய அன்று கேட்க மறந்துவிட்டோமே என்று கைவிட்டுவிடத் தேவையில்லை. தொகை மாதந்தோறும் வரலாம். மொத்தமாக ஒரே முறையிலும் வரலாம். வேண்டுமானால் கணவனுடைய வீட்டின்மீதோ நிலத்தின்மீதோ அத்தொகைக்குப் பொறுப்பு ஏற்றி வைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுவாரோ என்ற அச்சம் உள்ள இடத்தில் இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஏன் கேட்பதில்லை என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

இவ்விரு பிரிவுகளிலும் இன்னொரு சிறப்பு உண்டு. அவை மனைவிக்கு மட்டும் உரியவை அல்ல. நோயினாலோ விபத்தினாலோ உழைக்க இயலாத கணவனும், சம்பாதிக்கும் மனைவியிடம் இவற்றின்படி கேட்கலாம். பொதுப் பிரிவான 144இல் அது இயலாது.

எவ்வளவு கிடைக்கும் என்பதே எல்லோரும் முதலிற் கேட்கும் கேள்வி. சட்டத்தில் விகிதம் எதுவும் குறிக்கப்படவில்லை. 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், கணவனுடைய நிகரச் சம்பளத்தில் நூற்றுக்கு 25 பங்கு மனைவிக்கு நியாயமாகும் என்று சொன்னதால், அதுவே விதி என்று வழக்கு மன்ற வராந்தாக்களிற் பேசப்படுகிறது. அது ஓர் அளவுகோலேயன்றி விதியன்று. ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பீனியாப் பட்டறை ஒன்றில் வேலை செய்பவருக்கு மாதச் சம்பளம் 32,000 ரூபாய். சேமநல நிதியும் வரியும் போகக் கைக்கு வருவது 28,000. அவரோ, மோட்டார் சைக்கிள் கடனுக்கும் கைப்பேசிக் கடனுக்கும் 9,000 தவணை போவதால் 19,000தான் மிச்சம் என்கிறார். கட்டாயப் பிடித்தங்களை நீதிமன்றம் கழித்துக்கொள்ளும். தாமாக விரும்பி வாங்கிய கடன்களைப் பொதுவாக அவ்விதம் கழிக்காது. ஆக 28,000த்தில் 25 பங்கு என்றால் 7,000. வயதான தாயைக் காப்பாற்றும் பொறுப்பு அவருக்கு இருந்தால் அது சற்றுக் குறையலாம். குழந்தை மனைவியிடம் இருந்தால் குழந்தைக்கென்று தனியே ஒரு தொகை சேரும். குழந்தையின் தொகையையும் தாயின் தொகையையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாக எழுதிவிடுவது பிற்காலத்தில் சிக்கலைத் தரும்; இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும்.

சம்பளச் சீட்டு உள்ளவரிடத்தில் இந்தக் கணக்கு எளிது. ஆட்டோ ஓட்டுபவரிடத்தில்? “நாளைக்கு முந்நூறு கூட நிற்பதில்லை ஐயா” என்று அவர் சொன்னால் மறுப்பது எப்படி? இந்த இடரை நீக்கவே உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4ஆம் தேதி, நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி ஆகியோர் அளித்த தீர்ப்பில், ஜீவனாம்ச வழக்குகள் அனைத்திலும் இரு தரத்தாரும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும் என்று விதித்தது. மனைவி மனுவோடு கொடுக்க வேண்டும். கணவர் நான்கு வாரத்துக்குள் தம் பதிலோடு கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு, வாகனம், காப்பீடு, வீட்டு வாடகை வரவு எல்லாம் அதில் அடங்கும். சத்தியம் செய்து பொய் சொன்னால் அது வேறு குற்றம். நாளைக்கு முந்நூறு என்பவரின் கைப்பேசி வழியே மாதம் முப்பதாயிரம் கடைக்காரர்களுக்குப் போயிருப்பது வங்கிக் கணக்கில் தெரிந்துவிடும். வேலையில்லை என்று சொல்லும் திடகாத்திரமான கணவரும் தப்ப முடியாது. உடலுழைப்பினாலாவது சம்பாதித்து மனைவி மக்களைக் காப்பது அவர் கடமை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

மனைவி வேலைக்குப் போகிறவளாயிருந்தால் ஒன்றுமே கிடையாது என்ற எண்ணம் ஸ்ரீராம்புரத்தில் மட்டுமன்று, எங்கும் பரவியிருக்கிறது. அது தவறு. ஆடைத் தொழிற்சாலையில் தைத்து மாதம் 12,000 பெறும் பெண், அதைக் கொண்டு, மணவாழ்வில் தான் வாழ்ந்த நிலையில் வாழ முடியுமா என்பதே கேள்வி. கர்நாடகத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம், சம்பாதிக்கும் திறமை இருப்பது வேறு, சம்பாதிப்பது வேறு என்று பிரித்துக் காட்டி, திறமையைக் காரணமாகக் கூறித் தொகையைக் குறைத்ததை ஏற்கவில்லை. ஆனால் மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண்மணிக்கு மாதம் 6,16,300 ரூபாய் வேண்டுமென்று கேட்கப்பட்டபோது, அவ்வளவு செலவு செய்ய விரும்புகிறவர் தாமே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்று நீதிபதி கடிந்துகொண்டார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், ஜீவனாம்சம் என்பது பிரிந்த கணவனுடைய இப்போதைய செல்வத்துக்குச் சமமாக மனைவியை உயர்த்துவதற்கு ஏற்பட்டதன்று என்று கூறியது. பிரமாணப் பத்திரத்தில் இரு தரமும் மிகைப்படுத்தும் வழக்கம் உண்டென்பதை நீதிபதிகள் அறிவார்கள்.

இனி, அந்தப் பாண்டுப் பத்திரத்துக்கு வருவோம்.

அந்தப் பத்திரத்தால் விவாகம் ரத்தாகிறதா என்பதே முதற் கேள்வி. இந்து விவாகச் சட்டம், வழக்கத்தை அடிப்படையாகக் கொண்ட விவாக ரத்தை ஒப்புக்கொள்கிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சாதியில் அப்படிப்பட்ட வழக்கம் தொன்றுதொட்டு இடைவிடாமல் இருந்து வருவதாக, அதைச் சொல்லுகிறவர் மெய்ப்பிக்க வேண்டும். பத்துப் பேர் கூடிப் பத்திரம் எழுதினார்கள் என்பது மட்டும் போதாது. மெய்ப்பிக்க முடியாவிட்டால் விவாகம் அப்படியே நிற்கிறது. அவள் சட்டப்படி இன்னும் மனைவியே. அந்தப் பத்திரத்தை நம்பி அவன் வேறொருத்தியை மணந்துகொண்டால், அந்தப் புதிய திருமணம் செல்லாது. ஆக, ஒரு பத்திரத்தினால் துன்பப்படுகிறவர்கள் இரண்டு பெண்கள். ஒன்றுமறியாமல் கழுத்தை நீட்டிய அந்த இரண்டாமவளுக்கு நெடுங்காலம் சட்டத்தில் ஆறுதலான விடை இல்லை. 2025 பிப்ரவரி 12ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், விவாகம் செல்லாது என்று தீர்ப்பாகும் போதும் 25ஆம் பிரிவின்படி நிரந்தர ஜீவனாம்சம் வழங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி, “இனி எக்காலத்திலும் கோரமாட்டேன்” என்ற வாசகத்தைப் பற்றியது. கர்நாடகத்திலேயே நடந்த ஒரு வழக்கு இதற்கு வழிகாட்டுகிறது. கணவனைப் பிரிந்து வாழ்ந்த ஒரு பெண், நீதிமன்றத்திலேயே ராஜியாகி, 8,000 ரூபாயை மொத்தமாகப் பெற்றுக்கொண்டு, இனிக் கேட்பதில்லை என்று எழுதிக் கொடுத்தாள். சில ஆண்டுகள் கழித்து, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாதந்தோறும் ஜீவனாம்சம் கேட்டு வழக்குத் தொடுத்தாள். முன்பே எழுதிக் கொடுத்தாயிற்றே என்று கணவன் வாதாடினான். 2013இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. மனைவியின் ஜீவனாம்ச உரிமையை ஒழிக்கும் உடன்படிக்கை பொதுநலக் கொள்கைக்கு முரணானது. அது அவளுடைய வழக்கைத் தடுக்காது என்பது தீர்ப்பு. 8,000 ரூபாய் எத்தனை மாதத்து அரிசிக்குப் போதும்?

ஆனால் இதை மட்டும் கேட்டுவிட்டு, எதில் வேண்டுமானாலும் கையெழுத்திடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. விவாக ரத்துக்குப் பின் ஒரு பெண் தானே மனமுவந்து ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுத்திருந்தால், மாஜிஸ்திரேட்டின் உத்தரவை நீக்கிவிடலாம் என்ற விதியும் அதே பொதுச் சட்டத்தில் இருக்கிறது. மனமுவந்தா, மிரட்டலுக்கு அஞ்சியா, அன்றைய பசிக்காகவா என்பதை மெய்ப்பிக்கும் சுமை வாழ்க்கையில் ஏற்கெனவே நொந்தவள் தலையில் விழுகிறது. மொத்தத் தொகையே வேண்டும் என்று இரு தரமும் விரும்பினால் அதற்கு நேரான வழி இருக்கிறது. இருவரும் ஒப்பி விவாக ரத்துக் கேட்கும் 13பி பிரிவின்படி மனுக் கொடுத்து, தொகை, தேதி, கொடுக்கும் விதம் எல்லாவற்றையும் அந்த மனுவிலேயே எழுதி, நீதிபதியின் முன் பதிவு செய்துவிடலாம். முதல் விசாரணையின் போது ஒரு பகுதியும், ஆறு மாதம் கழித்து வரும் இறுதி விசாரணையின் போது மீதியுமாக வங்கி வரைவோலையாக வாங்கிக்கொள்வது வழக்கத்தில் உள்ளது. அந்த ஆறு மாதத்தையும் தக்க காரணமிருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இலிருந்து இருக்கிறது. இருவரும் ஒப்பிப் பிரிந்தால் ஜீவனாம்சம் கிடையாது என்றும் சிலர் சொல்லுவார்கள். 1995இலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு விடை கூறிவிட்டது. மனைவியாயிருந்துகொண்டே ஒப்பந்தப்படி தனித்து வாழ்வது வேறு; ஒப்பி விவாக ரத்துப் பெறுவது வேறு. பின்னதில் உரிமை அற்றுப்போவதில்லை.

உரிமை அற்றுப்போகும் சந்தர்ப்பங்களும் உண்டு: மறுமணம் செய்துகொண்டால் முடிந்துவிடும், நடத்தை பற்றிய குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டாலும் உத்தரவை மாற்றலாம், நீக்கலாம். இதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆதாரமின்றிப் பெண்ணின் மேல் சேறு வீசுவது நீதிமன்றங்களில் இன்றும் நடந்துவருகிறது. அது கண்டு அஞ்சி மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் பெண்களும் உண்டு. குற்றஞ் சாட்டியவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பதை அவர்களுக்கு யாரேனும் எடுத்துச் சொல்லுதல் நலம். நிலைமை மாறினால் தொகையையும் மாற்றலாம். கணவருக்கு வேலை போயிற்று என்றால் அவர் குறைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். விலைவாசி ஏறி, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டால் மனைவி கூட்டச் சொல்லலாம். மனுக் கொடுக்காமல் தாமாகவே நிறுத்திவிடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

அப்படி நிறுத்திவிட்டால்? பொதுப் பிரிவின்படி பெற்ற உத்தரவானால், பாக்கியை வசூலிக்க வாரண்டு பிறப்பிக்கலாம்; அதன் பின்னும் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறையிலிடலாம். சிறைக்குப் போய் வந்துவிட்டேன், கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. சிறை வசூலுக்குரிய ஒரு வழியேயன்றி, பாக்கியைத் தீர்க்கும் ரசீது அன்று என்று 1980களின் இறுதியிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. சம்பளத்தை ஜப்தி செய்வதிலும் ஒரு வேறுபாடு உண்டு. சாதாரணக் கடன்காரர் டிக்ரி பெற்று வந்தால், சிறு தொகையொன்று கழித்து மீதிச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அவர் பிடிக்க முடியும். ஜீவனாம்ச டிக்ரியானால், மூன்றில் ஒரு பங்கை மட்டும் கணவருக்கு விட்டுவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் இடந்தருகிறது. வட்டிக்காரருக்கு முன்னால் வயிற்றை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் வாரண்டு வழியில் ஒரு கால வரம்பு உண்டு. அதைத் தெரியாமல் இழந்தவர்கள் ஏராளம். பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வாரண்டுக்கு மனுக் கொடுக்க வேண்டும். நாம் முன்பு சொன்ன 7,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். இருபது மாதம் வரவில்லை. இன்று தருவார், நாளை தருவார் என்று காத்திருந்துவிட்டு இப்போது மனுக் கொடுத்தால், இந்த வழியில் கடைசிப் பன்னிரண்டு மாதத்துக்குரிய 84,000 ரூபாய்தான் கிடைக்கும். முந்தைய எட்டு மாதத்துக்குரிய 56,000 ரூபாய் இந்த வழியில் போயிற்று. இந்து விவாகச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் பெற்ற சிவில் டிக்ரிக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. நிறைவேற்றப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

காலத்தைப் பற்றிய இன்னொரு செய்திதான் ஸ்ரீராம்புரத்துப் பெண்களுக்கு எல்லாவற்றிலும் முதன்மையானது என்று எண்ணுகிறோம். முன்னாளில் ஒரு நீதிபதி உத்தரவான தேதியிலிருந்து பணம் கொடுக்கச் சொல்லுவார். இன்னொருவர் மனுக் கொடுத்த தேதியிலிருந்து கொடுக்கச் சொல்லுவார். நாம் குறிப்பிட்ட 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு, எல்லா வழக்குகளிலும் மனுத் தாக்கலான தேதியிலிருந்தே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்று ஒரே சீராக்கிவிட்டது. இடைக்கால மனுவை, எதிர்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளில் முடிக்க வேண்டும் என்று 2001இலிருந்து சட்டத்தில் இருந்தாலும், வாய்தாக்களை நாமெல்லாரும் அறிவோம். வழக்கு இரண்டாண்டு இழுத்தாலும் கணக்கு மனுத் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். மனுக் கொடுப்பதற்கு முன் கழிந்த மாதங்களுக்கோ எந்தக் கணக்கும் இல்லை. ஆடி போகட்டும், தை வரட்டும், பெரியவர்கள் மறுபடி பேசிப் பார்க்கட்டும் என்று அம்மா வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவளுக்கு இழப்பே. பெரியவர்கள் பேசட்டும், தவறில்லை. மனுவைக் கொடுத்துவிட்டுப் பேசட்டும். குடும்ப நீதிமன்றமே முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டுச் சட்டம் அதன்மேல் சுமத்தியிருக்கும் கடமை.

அந்தக் குடும்ப நீதிமன்றம் பெங்களூரில் எச். சித்தையா சாலையில் நியாய தேகுலா என்னும் வளாகத்தில் இருக்கிறது. தேகுல என்ற கன்னடச் சொல்லுக்குக் கோயில் என்று பொருள். ஸ்ரீராம்புரத்திலிருந்து மெஜஸ்டிக் சென்று அங்கிருந்து பஸ் மாறலாம். பெங்களூரில் 144ஆம் பிரிவு மனுவும் மாஜிஸ்திரேட்டிடமன்று, இங்கேதான் விசாரிக்கப்படும். ஆம்பூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ வாழ்க்கைப்பட்டுப் போய், பிறந்தகமான ஸ்ரீராம்புரத்துக்குத் திரும்பிவிட்ட பெண், இந்தப் பிரிவின்படி தான் வசிக்கும் இடத்திலேயே மனுக் கொடுக்கலாம். கணவன் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. வக்கீல் வைக்கப் பணமில்லை என்பதும் தடையன்று. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்ணாயிருந்தால் போதும், வருமானம் எவ்வளவானாலும் இலவசமாக வக்கீல் பெறலாம். கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையமும் சமரச மையமும் அதே நியாய தேகுலாவில் இயங்குகின்றன. 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

செல்லும்போது திருமணப் பத்திரிகை அல்லது புகைப்படம், ஆதார் அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்று, கணவருடைய சம்பளச் சீட்டோ வாகனப் பதிவு எண்ணோ கிடைத்தால் அவை, வீட்டுச் செலவுக் கணக்கு, முன்பு ஏதேனும் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். பத்திரத்தை மறைத்தால் பிறகு எதிர்தரப்பு அதையே ஆயுதமாக்கிக்கொள்ளும். மனுவும் பிரமாணப் பத்திரமும் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படும். கன்னடம் சரளமாகப் பேசியும் படிக்கத் தெரியாத தமிழ்ப் பெண்கள் அங்கே பலர். கையெழுத்திடுவதற்கு முன், எழுதியிருப்பது முழுவதையும், தொகை உட்பட, தமிழிற் படித்துச் சொல்லுமாறு வக்கீலைக் கேட்கலாம்.